சனிக்கிழமை ஓ.பி.யை மூடியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எனக்கு முட்டி மாற்று அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனையின் நிர்வாகத்துக்கும் எலும்பு மூட்டுப் பிரிவு மருத்துவர்களுக்கும்,

போன மாதம் உங்களிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மொத்தம் நான்கு வரி. எக்ஸ்ரே இயல்பாக உள்ளது, பொருத்தப்பட்ட மூட்டு சரியான நிலையில் உள்ளது, தங்கள் சிகிச்சை முழுமையடைந்துவிட்டது, ஆகவே தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் உங்கள் கட்டடத்தின் முதல் மாடியில், அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களைப் பார்க்கும் சனிக்கிழமை ஓ.பி. அறையின் கதவில் ஒட்டியிருந்த தாளை நானே நின்று வாசித்துவிட்டு வந்திருந்தேன். அந்த ஓ.பி. இனி கிடையாது, ஆபரேஷன் முடிந்து 90 நாள் தாண்டியவர்கள் பொது ஓ.பி.யில் புதுச் சீட்டுப் போட்டு வர வேண்டும் என்று இருந்தது. எனக்கு ஆபரேஷன் நடந்தது 2023 ஜனவரியில். நான் 90 நாளைத் தாண்டி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வலி மட்டும் தாண்டவில்லை.

இந்த இரண்டு முடிவுகளையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தனியாக அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் கிடைத்த மொத்தப் பதில் அந்த நான்கு வரிதான் என்பதால், இந்தமுறை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் யார் என்று உங்கள் ஃபைலில் இருக்காது, வயது, எடை, ரத்த வகை இருக்கும். நான் கிராம சுகாதார செவிலியராக 32 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் முக்கால்வாசிக் காலம் தேனி மாவட்டத்தில், போடிக்கு மேலே குரங்கணி, கொட்டகுடி பக்கம். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிய பாதைகளில் பல இடத்தில் அப்போது ரோடே கிடையாது. என் முட்டி தேய்ந்தது அங்கேதான். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டி அதிகம் வாங்கும் என்பது மலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தேய்ந்ததற்கு யார் மேலும் குறை சொல்ல மாட்டேன், அது என் வேலை.

ஆனால் அந்த வேலையில் எனக்கு ஒரு பழக்கம் படிந்துபோனது. ஒரு பிரசவம் நடந்தால் அதோடு எங்கள் பொறுப்பு முடியாது. 3ஆம் நாள், 7ஆம் நாள், 14, 21, 28, 42 என்று தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டில் 'தாயும் சேயும் நலம்' என்று எழுதியிருக்கும். அதை நம்பிக்கொண்டு துணை சுகாதார நிலையத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது. 9ஆம் நாள் காய்ச்சல் வந்து கிடந்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். போய்ப் பார்த்ததால் பிழைத்தவர்கள் அவர்கள். பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேராகக் கட்டம் காலியாக இருந்தால் எங்கள் மேலதிகாரி கேட்பார், "இந்தப் பிள்ளைக்கு என்னாச்சு?" பதில் சொல்லியே ஆக வேண்டும். இப்போது நான் உங்களைக் கேட்கிறேன், உங்கள் பதிவேட்டில் என் பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறீர்கள்?

நடந்ததைச் சொல்கிறேன். வலது முட்டி. ஆபரேஷனுக்கு முன்னால் மாடியேற முடியவில்லை, ராத்திரி தூக்கம் இல்லை, முட்டி வெளிப்பக்கம் வளைந்துபோய் நடையே மாறிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு உரசுவதைக் காட்டினீர்கள். ஆபரேஷன் வேண்டும் என்று நீங்கள் சொன்னது சரி, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. மறுநாளே வாக்கர் கொடுத்து நடக்கவைத்தீர்கள், 5ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினீர்கள். வார்டு சிஸ்டர்கள் என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டார்கள். தையல் பிரித்தபோது காயம் சுத்தமாக இருந்தது.

6ஆவது வாரம் வந்தேன். முட்டி 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. பிசியோதெரபி அறையில் இருந்த தம்பி அளந்து பார்த்துவிட்டு ஃபைலில் எழுதினார். வெளியே 40 பேர் காத்திருந்தார்கள், அவர் ஒருத்தர். "வீட்ல நல்லா மடக்குங்கம்மா, வலிக்குதுன்னு விட்றாதீங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. வீட்டில் மடக்கினேன். சுவரைப் பார்த்துப் படுத்துக் காலைச் சுவரில் சறுக்கவிட்டேன், நாற்காலியில் உட்கார்ந்து இடது காலால் வலது காலைப் பின்னால் தள்ளினேன், பல்லைக் கடித்துக்கொண்டு தினம் நாலு தடவை. 70, 75 ஆனது, அதோடு நின்றது.

3ஆவது மாதம் வந்தேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சூப்பரா உக்காந்திருக்கும்மா, இதைவிட நல்லாப் போட முடியாது" என்றார். நான் வலியைச் சொன்னேன். முட்டிக்குக் கீழே உள்பக்கம், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓர் இடம், அதில் தீக்குச்சியை அணைத்த மாதிரி எரிகிறது. ராத்திரி போர்வை நுனி பட்டால்கூட உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. வெளிப்பக்கமோ மரத்துப்போய்க் கிடக்கிறது, கொசு கடித்தால்கூடத் தெரியவில்லை. இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சீட்டு உள்ளே வந்துவிட்டது. "ஒரு வருஷம் ஆகும்மா, போகப்போகச் சரியாயிடும்." முட்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை. நான் சேலையை முட்டிவரை தூக்கிப் பிடித்தபடியே நின்றேன். அந்த நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு 5ஆவது மாதம், 8ஆவது மாதம், 11ஆவது மாதம். ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே, ஒவ்வொரு தடவையும் "நல்லா இருக்கு". ஒருமுறை எடையைக் குறைக்கச் சொன்னார்கள், 6 கிலோ குறைத்தேன். ஒருமுறை "எல்லாம் மனசுதாம்மா, பயத்தை விடுங்க" என்றார் ஒரு இளம் டாக்டர். நான் 32 வருடம் இருட்டில் டார்ச் லைட்டோடு பிரசவம் பார்க்கப் போனவள். பயம் எது, வலி எது என்று எனக்குத் தெரியும், டாக்டர்.

14ஆவது மாதத்தில் வேறு ஓர் ஊரில், அரசு மருத்துவமனை ஒன்றில் ஒரு மூத்த டாக்டரைப் பார்த்தேன். அவர் முதலில் எக்ஸ்ரேயைக் கேட்கவில்லை. படுக்கச் சொல்லி இடுப்பை ஆட்டிப் பார்த்தார், முதுகைத் தட்டிப் பார்த்தார், ஏனென்றால் இடுப்பு மூட்டிலோ தண்டுவடத்திலோ இருக்கிற கோளாறு முட்டியில் வலியாகத் தெரியலாம். ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை எழுதினார். உள்ளே கிருமித்தொற்று இருக்கிறதா என்று தேடுவதற்கான முதல் படி அதுதான், எந்தச் சின்ன லேபிலும் எடுக்கலாம். 14 மாதத்தில் ஒருதடவைகூட நீங்கள் அதை எழுதவில்லை. தொற்று இல்லை என்று வந்தது. பிறகு அந்த ஒரு ரூபாய் இடத்தை விரல் நுனியால் மெதுவாகத் தட்டினார், நான் அலறிவிட்டேன். மரத்துப்போகும் மருந்தை அந்த இடத்தில் ஊசியாகப் போட்டார். பத்து நிமிடம் கழித்து எழுந்து நடக்கச் சொன்னார்.

எரிச்சல் இல்லை. வராண்டாவில் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தேன், எரிச்சல் இல்லவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வலி போனது நாலு மணி நேரம்தான். ஆனால் வலி இருந்தது உண்மை, அதற்கு ஓர் இடம் இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பாதி மருந்து. முட்டியின் நடுவில் நேராகக் கீறும்போது உள்பக்கமிருந்து குறுக்கே வரும் ஒரு சின்ன உணர்வு நரம்பு அறுபடுவது வழக்கம், அதனால்தான் வெளிப்பக்கம் மரத்துப்போகிறது, பெரும்பாலானவர்களுக்கு அது தொந்தரவே தராது, சிலருக்கு மட்டும் அறுபட்ட நுனி முடிச்சுப் போட்டுக்கொண்டு எரியும் என்று படம் போட்டுக் காட்டினார். நரம்பு வலிக்கு ராத்திரி ஒரு மாத்திரை எழுதினார். இப்போது போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறேன். ஒன்றேகால் வருடம் கழித்து.

ஆனால் முட்டி மடங்காததற்கு அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. உள்ளே தழும்புத் திசு இறுகிவிட்டது. மடங்காத முட்டியை மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் சிகிச்சை ஒன்று இருக்கிறது, அதை ஆபரேஷன் ஆன முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் பலன் கூடுதல், "ஆறாவது வாரத்துல எழுபதுதான்னு தெரிஞ்சப்பவே யோசிச்சிருக்கணும்மா" என்றார். அந்த 70 உங்கள் ஃபைலில் உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது. எழுதியவர் தன் வேலையைச் செய்தார். அதைப் படித்து, இந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்ல ஆள் இல்லை.

இப்போது 85 டிகிரி மடங்குகிறது. இதை வெறும் எண்ணாகப் பார்க்காதீர்கள். படி ஏறி இறங்கச் சுமார் 90 டிகிரி வேண்டும், தாழ்வான நாற்காலியிலிருந்து கைபிடிக்காமல் எழுந்திருக்க அதற்கும் மேலே வேண்டும். 85 என்றால் டவுன் பஸ்ஸில் ஏற இடது காலை மட்டும் முதலில் வைத்து வலது காலைத் தூக்கி இழுக்க வேண்டும், கண்டக்டர் அவசரப்படுவார். ஜன்னலோரச் சீட்டு கிடையாது, காலை நீட்ட நடைப்பக்கம்தான் உட்கார வேண்டும், போகிறவர்கள் எல்லாம் இடித்துக்கொண்டு போவார்கள். தரையில் உட்காரவே முடியாது. பேத்தியின் காதுகுத்துக்கு எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க நான் பிளாஸ்டிக் சேரில், தாய்மாமன் மடியில் அழுத பிள்ளையைக் குனிந்து தூக்கக்கூட முடியாமல் இருந்தேன். நம் ஊரில் வாழ்க்கை பாதி தரையில்தான் நடக்கிறது. முட்டி மாற்றியபின் சம்மணம் போடக் கூடாது என்று சொன்னீர்கள், சரி, அதற்கு மனதைத் தயார்செய்துகொண்டுதான் வந்தேன். பஸ் ஏறுவதும் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற யாரும் முட்டி ஆபரேஷனே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடக் கூடாது. என் மதினி அதே வருடம் வேறோர் இடத்தில் இரண்டு முட்டியும் மாற்றினார், இன்றைக்குக் காலையிலும் வைகை அணைப் பூங்காவரை நடந்துவிட்டு வந்து எனக்கு போன் செய்தார். பொருத்திய மூட்டுகளில் சுமார் 82 சதவீதம் 25 வருடம்வரை உழைக்கின்றன என்று 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. நல்ல சிகிச்சை இது. கூனிக் குறுகிக் கிடந்தவர்களை நிமிர்த்தி நடக்கவைக்கிறது.

ஆனால் மூட்டு உழைப்பது வேறு, வலி போவது வேறு. முட்டி மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வலி தொடர்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. உங்களுக்கு இது தெரியாததல்ல, உங்கள் மாநாடுகளில் இதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. நான் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் மயக்க மருந்து, ரத்தக்கட்டு, தொற்று, மரணம் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. 'வலி தொடரலாம்' என்ற இரண்டு சொல் எந்த மொழியிலும் இல்லை. ஐந்தில் ஒன்று என்று சொல்லியிருந்தால் நான் ஆபரேஷன் வேண்டாம் என்று ஓடியிருப்பேனா? இல்லை. நடக்க முடியாமல் கிடந்தவள் நான், கண்டிப்பாகச் செய்துகொண்டுதான் இருப்பேன். ஆனால் வலி தொடர்ந்தபோது நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன், சரியாக மடக்கவில்லை, சரியாக நடக்கவில்லை என்று ஒரு வருடம் என்னையே திட்டிக்கொண்டு இருந்திருக்க மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை ஓ.பி. வராண்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே ஸ்டீல் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகியவர்கள் நாங்கள். பழைய வேலைப் பழக்கத்தில் நான் ஒரு நோட்டு போட்டு, சம்மதம் கேட்டு, எழுதிவைத்தேன். ஆபரேஷன் ஆன தேதி, எந்தக் கால், என்ன தொந்தரவு, என்ன சொன்னார்கள். ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்த்த ஓர் அக்காவுக்கு முட்டி நடக்கும்போது 'டொக்கு டொக்கு' என்று விலகுகிறது, கீழே விழுந்துவிடுவோம் என்று வெளியிலேயே வருவதில்லை. தறி ஓட்டிய ஓர் அண்ணனுக்குத் தையல் போட்ட இடத்தில் மூன்றாவது வாரமும் நீர் கசிந்தது. பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், நின்றது, மறுபடி கசிந்தது, மறுபடி மாத்திரை. உங்களிடம் வந்தபோதும் மாத்திரைதான். முட்டியிலிருந்து நீரை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்காமல் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டே போனால் கிருமி பரிசோதனையில் சிக்காமல் மறைந்துகொள்ளும், அதற்குள் உலோகத்தின் மேல் அது பாசி மாதிரிப் படிந்துவிடும். கடைசியில் அவருக்கு மூட்டையே கழற்றி எடுத்து, நடுவில் மருந்து கலந்த சிமென்ட் வைத்து, மாதக்கணக்கில் படுக்கவைத்து, மறுபடி வேறு மூட்டு போட்டார்கள். வேறு மருத்துவமனையில். தறியை விற்றுவிட்டார்.

இந்த ஒன்பது பேரும் சனிக்கிழமைதான் வருவோம், ஏனென்றால் அன்றைக்குத்தான் எங்கள் மாதிரி ஆட்களை மட்டும் பார்ப்பார்கள், ஐந்து நிமிடமாவது கிடைக்கும். டாக்டர் என்ன சொன்னாலும், ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்வோம். எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தவர்களுக்கு அந்தப் பெஞ்ச் ஒரு தைரியம். அதையும் மூடிவிட்டீர்கள். பொது ஓ.பி.யில் புதுச் சீட்டு என்றால் புது டாக்டர், புது எக்ஸ்ரே, புதிதாக முதலிலிருந்து கதை. அந்தக் கூட்டத்தில் இரண்டரை வருடத்தை எப்படிச் சொல்வது?

கூடுதல் ஆளும் கூடுதல் செலவும் ஆகும் என்று நீங்கள் சொல்லக்கூடும். என்ன ஆகும் என்று ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 8 மருத்துவமனைகளில் முட்டி மாற்றி மூன்று மாதம் ஆகியும் வலி குறையாத 363 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2022இல் லான்செட் ருமடாலஜி இதழில் வந்திருக்கிறது, என் மகள் எடுத்துக் கொடுத்து வரி வரியாகப் படித்தேன். அவர்கள் செய்தது இவ்வளவுதான். பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்கார்ந்து கேட்கிறார், பரிசோதிக்கிறார், எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் பார்க்கிறார், நரம்பு வலியா, தொற்றா, மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறதா என்று பிரித்து, அதற்குரிய ஆளிடம் அனுப்புகிறார், அப்புறம் போன் செய்து விசாரிக்கிறார். வழக்கமான முறையில் விடப்பட்டவர்களைவிட இவர்களுக்கு ஒரு வருடத்தில் வலி குறைந்திருந்தது. புது மிஷின் எதுவும் வாங்கவில்லை. மூன்றாவது மாதத்தில் கேட்டார்கள், கேட்டபின் விடவில்லை. இதை நான் 1989இலிருந்து தடுப்பூசிப் பெட்டியோடு செய்துவந்திருக்கிறேன், இதற்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு நோட்டு, ஒரு போன், கேட்பதற்கு ஓர் ஆள்.

பதிவேடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் நாட்டுக்குத் தெரியும். 2010இல் செயற்கை மூட்டு செய்யும் டிப்யூ நிறுவனம் ஏஎஸ்ஆர் என்ற செயற்கை இடுப்பு மூட்டை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைச் சிகிச்சைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. பின்னால் தேடியபோது ஆயிரத்துச் சொச்சம் பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. மீதிப் பேர் உடம்புக்குள் அந்த உலோகத்தோடு எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஸ்வீடனில் 1975இலிருந்து முட்டி மாற்றியவர்களுக்குத் தேசியப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். என் முட்டிக்குள் என்ன கம்பெனி, என்ன அளவு, என்ன வரிசை எண் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. பில்லில் 'இம்ப்ளான்ட்' என்று ஒரே வரி. விலைக்கு மட்டும் 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைத்தது, கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவையில் செய்த முட்டிக்கு வரி தவிர்த்து 54,720 ரூபாய். என் இம்ப்ளான்ட் அதற்குள்தான் வந்தது, அதில் குறை இல்லை. ஆனால் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்து ஃபைலில் ஒட்டிக் கொடுக்க எவ்வளவு ஆகிவிடும்? ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு விண்ணப்பித்தேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருட நெறிமுறை விதிகளில் இருக்கிறது. எனக்கு ஐந்து வாரம் ஆனது, நான்கு தடவை நேரில் வந்தேன், ஒவ்வொரு தடவையும் அந்த ரெக்கார்டு ரூமுக்குப் போக 22 படி. எண்ணியிருக்கிறேன்.

என் வீட்டுக்கு இப்போது பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வருகிறாள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில். மாதத்துக்கு இரண்டு தடவைதான் வர முடிகிறது, அவளுக்கும் பெரிய ஏரியா. வந்ததும் முதலில் கேட்பாள், "போன தடவைக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று. அப்புறம்தான் அளப்பாள். 75இல் நின்ற முட்டியை 85க்குக் கொண்டுவந்தது அவள்தான். பத்து டிகிரி. அதனால்தான் இப்போது கட்டிலிலிருந்து யாரையும் கூப்பிடாமல் எழுந்திருக்கிறேன். இரண்டரை வருடம் கழித்துப் பத்து டிகிரி கிடைக்கும் என்றால், ஆறாவது வாரத்தில் பிடித்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கிறேன்.

நஷ்ட ஈடு கேட்டு நான் இதை எழுதவில்லை. என் கோரிக்கைகள் இவை.

முதலில் சனிக்கிழமை ஓ.பி.யை மறுபடி திறங்கள். 90 நாள் கணக்கை எடுத்துவிடுங்கள். முட்டி மாற்றியவருக்கு எப்போது வலி வந்தாலும் அதே ஃபைலோடு அங்கே வர உரிமை வேண்டும்.

ஆபரேஷன் ஆன ஒவ்வொருவரையும் ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஒரு வருடம் முடியும்போது நீங்களே போன் செய்து விசாரியுங்கள். வலி எவ்வளவு, எவ்வளவு மடங்குகிறது, படி ஏற முடிகிறதா என்று கேட்டு எழுதுங்கள். ஆக்ஸ்போர்டு முட்டி மதிப்பெண் என்று 12 கேள்விகள் கொண்ட முறை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, டாக்டரே தேவையில்லை, ஒரு சிஸ்டர் கேட்டு எழுதிவிடலாம். ஆறாவது வாரத்தில் முட்டி 90 டிகிரி மடங்கவில்லை என்றால் அந்தப் பெயருக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள், அந்த வாரமே கூப்பிடுங்கள். நாங்கள் ஆபத்தான கர்ப்பிணிகளுக்கு அப்படித்தான் வட்டம் போடுவோம்.

வலி என்று வருகிறவரிடம் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். முட்டியைத் தொட்டுப் பாருங்கள். இடுப்பையும் முதுகையும் பாருங்கள். ஈஎஸ்ஆர், சிஆர்பி எடுங்கள். காயம் கசிந்தால் நீரை எடுத்துப் பரிசோதிக்காமல் ஆன்டிபயாட்டிக் எழுதாதீர்கள், உள்ளூர்க் கிளினிக்கிலும் எழுத வேண்டாம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடியுங்கள். எரிச்சல், மரப்பு என்று சொன்னால் நரம்பு வலி பார்க்கிறவரிடம் அனுப்புங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுங்கள். ஐந்தில் ஒருவருக்கு வலி தொடரக்கூடும், முட்டி முழுக்க மடங்காமல் போகக்கூடும், வெளிப்பக்கம் மரத்துப்போகும் என்று அதில் எழுதுங்கள். கையெழுத்து வாங்குவதற்கு முதல் நாளே கொடுங்கள், ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிற வழியில் வேண்டாம்.

இம்ப்ளான்ட் ஸ்டிக்கரும் ஆபரேஷன் குறிப்பும் கேட்காமலே டிஸ்சார்ஜ் அன்றைக்கே கையில் கொடுங்கள். இதுவரை செய்த அத்தனை பேருக்கும் ஒரு பதிவேடு போடுங்கள். பிசியோதெரபி அறையில் இன்னும் ஓர் ஆளையாவது நியமியுங்கள், அந்தத் தம்பி பாவம்.

கடைசியாக, முடித்துவைத்த என் புகாரைத் திறங்கள். என் நோட்டில் இருக்கிற ஒன்பது பேரில் எட்டுப் பேர் தங்கள் ஃபைல் எண்ணை உங்களுக்குத் தரச் சம்மதித்திருக்கிறார்கள், இந்த மடலின் அச்சுப் பிரதியோடு பதிவுத் தபாலில் அதை அனுப்பியிருக்கிறேன். எங்கள் எட்டுப் பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டு, ஆளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, முழுசாகப் பரிசோதித்து, என்ன கண்டீர்கள், இனி என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்பதை ஆளாளுக்கு எழுத்தில் தாருங்கள். முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள், அதையும் கேட்டுக்கொள்வோம். தபால் கிடைத்த 30 நாளுக்குள் தேதியைச் சொல்லுங்கள். தரைத்தள அறையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
2023 ஜனவரியில் உங்களிடம் வலது முட்டியை மாற்றிக்கொண்ட, ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தேனி மாவட்டம்